மான்டெலுகாஸ்ட்: மெல்லும் மாத்திரையா, குருணையா?

மான்டெலுகாஸ்ட், ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தத் தினமும் கொடுக்கும் மருந்து. 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கு மெல்லும் மாத்திரை, குருணை (பாக்கெட்டில் வரும் சிறு துகள்கள்) இரண்டிலும் அளவு ஒன்றே: 4 மி.கி., ஆஸ்துமாவுக்கு மாலையில் ஒருமுறை. வேறுபாடு கொடுக்கும் முறையில்தான்.

மாத்திரை எளிது. ஆனால் நன்றாக மென்றபின்தான் விழுங்க வேண்டும். மெல்லத் தெரியாத குழந்தைக்குப் புரையேறும். பெரும்பாலும் இனிப்புக்கு அஸ்பார்ட்டேம் சேர்ப்பார்கள். ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைல்அலனின் என்ற புரதக்கூறை உடல் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ள குழந்தைக்கு அது ஆகாது.

குருணையில்தான் தவறுகள் அதிகம். பாக்கெட்டை முன்கூட்டியே பிரிக்கக் கூடாது. நேராக வாயில் போடலாம். அல்லது ஒரு கரண்டி ஆறிய குழைந்த சோறு, கேரட் மசியலில் கலக்கலாம். சூடாக இருக்கக் கூடாது. 15 நிமிடத்துக்குள் முழுவதும் ஊட்டிவிட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது. கிண்ணம் நிறையக் கலந்தால் குழந்தை பாதியில் முகம் திருப்பும், பாதி மருந்து வீண். துப்பாமல் மெல்லும் பிள்ளைக்கு மாத்திரையே மேல்.

எதுவானாலும், திடீர் மூச்சுத்திணறலுக்கு இது உதவாது. உடனடி நிவாரண இன்ஹேலர் கையில் இருக்கட்டும். ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தென்பட்டால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள்: 2020இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையை (அதன் மிகக் கடுமையான எச்சரிக்கை) சேர்த்தது.