பொத்தான் கத்தியா, வில்லுக்கத்தியா? தோட்டப்புறத்து ஈரக்காற்றில் ஓர் ஒப்பீடு

பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்கும் எவரையும் முதலில் ஈர்ப்பது பொத்தான் கத்திதான். பிடியிலுள்ள குமிழை அழுத்தியதும், உள்ளே அடங்கிக் கிடந்த அலகு ஒரே வீச்சில் வெளிவந்து நிற்கும். அந்தக் காட்சிக்கு ஈடான ஒன்று, அலகிலுள்ள நகக்குழியில் விரல் நகத்தை மாட்டி மெல்லத் திறக்கும் வில்லுக்கத்தியில் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், மலேசியாவின் ரப்பர் தோட்ட ஊரான சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாகப் பழைய கத்திகளைத் துடைத்தும் எண்ணெயிட்டும் வருகிற எனக்கு, எங்கள் ஊர்க் காற்றில் பிள்ளைகள் கைக்கும் பேரப்பிள்ளைகள் கைக்கும் நல்ல நிலையில் போய்ச் சேரக்கூடியது வில்லுக்கத்தியே என்பதில் ஐயமில்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மலேசியச் சுங்கத்துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலில் குத்துவாளோடு சேர்த்து, விசைக் கத்தி என்ற பெயரில் பொத்தான் கத்தியும் முழுத் தடைக்கு உட்பட்ட பொருளாக இடம்பெற்றிருக்கிறது. இது பழம்பொருள் என்று விளக்கம் சொல்லி அஞ்சலில் வரவழைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். வில்லுக்கத்தியை வீட்டில் வைத்துப் பேணுவது வேறு. அதையும் காரணமின்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது வேறு. ஆகவே நான் பொத்தான் கத்திகளைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில், ஓய்வுபெற்ற கருவிப் பட்டறைக்காரர் ஒருவரின் வீட்டு மேசையில் இரண்டு நாள்கள் உட்கார்ந்து, அவர் சேர்த்து வைத்திருந்தவற்றைப் பிரித்தும் மாட்டியும் பார்த்த அனுபவத்திலிருந்தே அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பொறிநுட்பத்தைப் படிக்க விரும்புபவருக்குப் பொத்தான் கத்தியே மேலானது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் 1890களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து, சோலிங்கன் பட்டறைகளின் நெம்புகோல் பூட்டு வரை, இத்தாலியின் மானியாகோ ஊரில் செய்யப்பட்ட நீண்ட ஒல்லியான கத்திகள் வரை, ஒவ்வொருவரும் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடை கண்டிருக்கிறார்கள். பாய்ந்து வரத் துடிக்கும் அலகை எப்படி அடக்கி வைப்பது, விரும்பிய நேரத்தில் மட்டும் எப்படி விடுவிப்பது என்பதே அந்தச் சிக்கல். சிறிய குமிழ் தவறுதலாக அழுந்திவிடக்கூடும் என்பதால், அதன் பக்கத்தில் நகர்த்தித் தடுக்கும் ஒரு சிறு தாழையும் ஷ்ரேட் கத்திகளில் வைத்தார்கள். சோலிங்கன் கத்தியில் நெம்புகோலையே மடித்துப் படுக்க வைத்துவிட்டால் அது அசையாது. இரண்டில் நெம்புகோலே தெளிவான விடை என்பது என் கருத்து. அடைபட்டிருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்பது அதில் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

பொத்தான் கத்தியின் பலவீனம், அலகைப் பாயச் செய்யும் அதன் வில்லில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் திறக்கும் பொத்தான் கத்தி மூடியிருக்கும் நேரமெல்லாம் அதன் வில் முழு இறுக்கத்தில் இருக்கிறது. அந்த வில்லோ பிடித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில், துணி நுழையாத, கண் எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. இறுக்கத்தில் இருக்கும் எஃகில் துரு ஒரு புள்ளி அளவு அரித்தாலும் முறிவு அங்கிருந்தே தொடங்கும். பழைய இத்தாலியக் கத்திகளின் தகட்டுவில் முறிந்துபோவது சேகரிப்பாளர் எல்லாருக்கும் பழகிய துயரம். இதைத் தவிர்க்கச் சிலர் அவற்றைத் திறந்த நிலையிலேயே வைக்கிறார்கள். அது வில்லுக்கு நல்லது, அலகின் முழுப் பரப்பும் காற்றுக்குத் திறந்து கிடப்பது அலகுக்கு நல்லதல்ல. சோலிங்கனின் குளிரில் இது பெரிய பொருட்டல்ல. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும் எங்கள் பக்கத்தில் இது இரண்டு கெடுதல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக முடியும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரணக் கரிம எஃகில் துரு வேகம் பிடிக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வில்லுக்கத்தியில் வில் ஒளிந்திருப்பதில்லை. பிடியின் முதுகாக நீளவாக்கில் தெரிவதே அதன் வில். நன்றாகச் செய்த கத்தியில் அலகு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் வில் முதுகோடு சமமாகப் படிந்து நிற்கும். அலகு பாதி வழியில் இருக்கும் கணத்தில் மட்டுமே அது முழுமையாக வளைகிறது. ஆகவே மூடி வைத்தாலும் அதற்குக் களைப்பில்லை. ஒரு துளி எண்ணெயைச் சுழல்முளையில் விட்டு, திறந்து மூடி, வழிந்து வரும் அழுக்கைத் துடைத்துவிட்டால் உள்ளே என்ன நிலை என்பது அந்த அழுக்கின் நிறத்திலேயே தெரியும். கறுப்பாக வந்தால் கவலையில்லை. செம்பழுப்பாக வந்தால் வேலை இருக்கிறது.

பிடியின் பொருளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் கையால் நேர்ந்த பெரிய சேதம் அதில்தான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பொத்தான் கத்திகளுக்குச் செதுக்கிய எலும்போடு, செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக்கும் பரவலாகப் பிடியாக இடப்பட்டது. வில்லுக்கத்திகளிலும் செல்லுலாய்டு உண்டு. ஆனால் இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரான ஷெஃபீல்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, துரைமார் சட்டைப்பையிலும் கிராணிமார் என்னும் எழுத்தர்கள் மேசையிலும் இருந்த பழங்கத்திகளில் நான் கண்டவை பெரும்பாலும் மாட்டுக்கொம்பு, எலும்பு, கருங்காலி. எங்கள் பெரியப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தார். நாடு திரும்பிய துரை ஒருவர் அவரிடம் விட்டுச் சென்ற, ஜோசஃப் ராஜர்ஸ் என்ற ஷெஃபீல்டு நிறுவனத்தின் கத்தி, அதன் முத்திரையான நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த அலகோடு, கறுத்த கொம்புப் பிடியோடு இன்றும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கத்தியின் பக்கத்தில்தான், ஈப்போ பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஆமையோட்டு நிறப் பேனாக்கத்தி ஒன்றையும் வைத்தேன். பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி இறுக்கினேன். சரியாகத்தான் செய்கிறோம் என்று முழுமையாக நம்பினேன். ஓராண்டு கழித்துத் திறந்தபோது மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி எழுந்தது. பேனாக்கத்தியின் பிடி நொறுங்கத் தொடங்கியிருந்தது. அதை ஒட்டியிருந்த மூன்று கத்திகளின் அலகுகளில் அம்மை வடுப் போலக் குழிகள் விழுந்திருந்தன. பெரியப்பாவின் கத்தி மூலையில் தனித் துணியில் சுற்றியிருந்ததால் ஓரளவு தப்பியது.

அந்தப் பேனாக்கத்தியின் பிடி செல்லுலாய்டு. அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். பழையதாகும்போது அது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தோடு கலந்ததும் அது நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் அருகிலுள்ள எஃகை மட்டுமல்ல, அந்தச் செல்லுலாய்டையே மேலும் வேகமாகச் சிதைக்கிறது. மூடிய டப்பா வாயுவை வெளியே போக விடாமல் இந்தச் சுழற்சிக்குத் துணை செய்கிறது. ஒளி ஊடுருவும் நிறங்களும் ஆமையோட்டு நிறமும் முதலில் சிதைகின்றன என்பது சேகரிப்பாளர்களின் பொது அனுபவம். ஒரு பிடி செல்லுலாய்டா என்று அறிய, கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பூசையறையில் நமக்குப் பழகிய கற்பூர வாசம் மெல்ல வந்தால் ஐயமில்லை. கற்பூரத்துக்குப் பதில் புளிப்பு வந்தால், அந்தக் கத்தியை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

ஆகவே எந்தப் பெட்டி நல்லது என்ற கேள்விக்குப் பிடியைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. கொம்பு, எலும்பு, கருங்காலிப் பிடிக் கத்திகளுக்கு மூடிய, ஈரம் குறைத்த பெட்டியே சிறந்தது. கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் மின்சார உலர்பெட்டியை 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தினால் போதும். அதற்கும் கீழே வறளவிட்டால் எலும்பு முளையாணியைச் சுற்றி வெடிக்கும், கொம்பு சுருங்கி ஏடு ஏடாகப் பிரியும். செல்லுலாய்டுக்கோ காற்றோட்டமே மருந்து. அதை ஈரம் நிறைந்த எங்கள் காற்றில் திறந்து வைத்தால் அதன் அலகு துருப்பிடிக்கும் என்பதால், அதற்கு மட்டும் அடிக்கடி மெழுகு பூச வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு வகையையும் பேணுவது இரண்டு வீடு நடத்துவது போன்றது. பொத்தான் கத்திச் சேகரிப்பில் இந்தத் தொல்லை தவிர்க்க முடியாதபடி வந்து சேரும் என்பது அதற்கு எதிரான என் வலுவான வாதம்.

தோட்ட ஊருக்கே உரிய இரண்டு ஆபத்துகளை இங்கே சேர்க்கிறேன். ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியாவும், உறையவைக்கப் பார்மிக் அமிலமும் பயன்படுத்துகிறோம். பால் கொட்டகைச் சாமான்களோடு ஒரே அறையில் பழங்கத்தியை வைப்பவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். அமிலம் எஃகுக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மோனியா பித்தளைக்கு எமன் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அம்மோனியா பிளக்கிறது என்ற விளக்கம் 1921இல் வெளிவந்தது. மடக்குக் கத்தியின் உள்தகடும் அடித்து விரித்த முளையாணிகளும் பெரும்பாலும் பித்தளைதான். இரண்டாவது, நம் ஊரின் விளைபொருளே: கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் விரிப்பையோ ரப்பர் வளையத்தையோ கத்திக்கு அருகில் வைக்காதீர்கள். வெள்ளிப் பூண் கறுத்துவிடும். ஜெர்மன் சில்வர் என்னும் நிக்கல் சேர்ந்த பித்தளைப் பூணும் மங்கும்.

பூச்சுகளை ஒப்பிடுவது இதைவிட எளிது. தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைப்பவர் எங்கள் ஊரில் நிறைய உண்டு, பால்மரம் சீவும் கத்திக்கு அது போதுமானது. அந்தக் கத்தி விடியற்காலையில் தினமும் கைக்கு வருகிறது, தினமும் தீட்டப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் கத்தியில் அதே எண்ணெய் சிக்குப் பிடித்து அமிலத்தன்மை அடைந்து, சுழல்முளையில் பிசினாக உறைகிறது. தையல் மெஷின் எண்ணெய் கெடுவதில்லை, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது, மூட்டுக்குள் இறங்குகிறது. ஆனால் அலகின் பரப்பிலிருந்து வழிந்து ஓடிவிடும், எலும்பில் பட்டால் மஞ்சள் கறை விடும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகு பரப்பில் நிலைத்து நிற்கிறது, விரல் ரேகையைத் தாங்குகிறது, கொம்புக்கும் எலும்புக்கும் தீங்கில்லை. மூட்டுக்குள் மட்டும் அது போகாது. எனவே மூட்டுக்கு மெஷின் எண்ணெய் ஒரு துளி, மற்ற இடமெல்லாம் மெழுகு என்பதே என் வழக்கம். பொத்தான் கத்தியின் ஒளிந்த வில்லுக்கு இந்த இரண்டில் எதுவும் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. எண்ணெயை அதிகம் விட்டால் தூசியைப் பிடித்துவைத்துப் பூட்டையே மந்தமாக்கும்.

தோல் உறையில் வைப்பதைப் பற்றி ஒரே சொல்: கூடாது. பதனிட்ட தோலின் அமிலம் அலகைக் கறைப்படுத்தும், பித்தளையில் பச்சைக் களிம்பை வளர்க்கும்.

காலத்தைக் கணிப்பதிலும் வில்லுக்கத்தியே புதியவருக்குத் தோழன். அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்க வரிச் சட்டத்தின்படி இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டியிருந்ததால், இங்கிலாந்து என்ற சொல் பொறித்த ஷெஃபீல்டு கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஹாரி பிரேர்லி 1913இல் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அந்த எஃகின் பெயர் பொறித்த அலகு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பொத்தான் கத்திகளில் நிலைமை கடினம். அமெரிக்கா 1958இலும் பிரிட்டன் 1959இலும் சட்டமியற்றித் தடுத்த பிறகு பழையவை அரிதாகி விலை ஏறின. பல கத்திகளின் உறுப்புகளை ஒட்டவைத்து ஒன்றாக்கி விற்பவர்களும் கூடவே வந்தார்கள்.

பெரியப்பாவின் கத்தியில் அந்த ஓராண்டு விட்ட குழிகள் இரண்டு, நுனிக்கு அருகில், இன்னும் இருக்கின்றன. மெருகேற்றும் சக்கரத்தில் வைத்து அவற்றை அழித்துவிடலாம். அப்படிச் செய்தால் நட்சத்திரமும் சிலுவையும் கூடவே தேய்ந்துபோகும் என்பதால் தொடவில்லை. மிக மெல்லிய எஃகுக் கம்பளியை எண்ணெயில் நனைத்துச் செந்துருவை மட்டும் எடுத்தேன், நீலச்சாம்பல் படலத்தை அப்படியே விட்டேன். ஆமையோட்டு நிறப் பேனாக்கத்தியின் உடைந்த பிடித் துண்டுகள் இப்போது தாழ்வாரத்து அலமாரியில், மூடியில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில், மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி இருக்கின்றன. அதன் அலகும் வில்லும் இன்னும் நன்றாக இருப்பதால், எலும்புப் பிடி போட்டுத் தரக்கூடிய கைவினைஞரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.