உப்புக் காற்றில் ஒரு லட்சம் கிலோமீட்டர்: என் காரின் சத்தங்கள்

என்னுடையது டீசல் ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் ராமநாதபுரம் – ராமேஸ்வரம் ஓட்டம்தான். விருந்தாளி வந்தால் தனுஷ்கோடி, விசேஷம் என்றால் கீழக்கரை, சாயல்குடி. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உப்பும் மணலும் சேர்ந்து வண்டியின் அடிப்பாகத்தை விதவிதமாகக் கத்த வைக்கின்றன.

மெக்கானிக்கிடம் போய் “ஒரு மாதிரி சத்தம் வருது” என்றால் வேலை ஆகாது. அவர் கேட்கும் முதல் கேள்வி, “எப்பண்ணே வருது?” பிரேக் பிடித்தாலா, வளைத்தாலா, பள்ளத்தில் இறங்கினாலா, வேகம் கூடினாலா? சத்தத்தை வாயால் செய்து காட்டுவதைவிட இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

காலையில் எடுத்ததும் பிரேக்கில் ‘சர்ர்’ என்று தேய்த்தால் பயப்பட வேண்டாம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு; கடற்கரையில் ஒரே ராத்திரியில் துரு படியும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் டிஸ்கை அழுத்தும் பிரேக் பேடே அதை வழித்துவிடும். அதற்கு மேலும் இரும்போடு இரும்பு உரசினால் பேட் தேய்ந்துவிட்டது, தள்ளிப்போடக் கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டின் மேல் மணல் ஏறிக் கிடக்கும். அங்கே போய்வந்த பிறகு திடீரென்று ‘கிரீச்’ என்றால் பெரும்பாலும் டிஸ்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் பொடிக்கல் மாட்டியிருக்கும். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே விழுந்துவிடும்.

சஸ்பென்ஷனைச் சோதிக்கப் பாம்பன் ரோடு பாலத்தை விட நல்ல இடம் கிடையாது. 1988-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வழியெங்கும் இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு ‘டக்’ வருவது நியாயம். ‘டக்’குக்குப் பின்னால் ‘கடகட’ என்று ஒரு வால் நீண்டால் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடையோ (இணைப்புக் கம்பி), புஷ்ஷையோ (ரப்பர் உறை) பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். (பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்கள் சும்மா விட்டால்!)

என்னை அதிகம் அலைக்கழித்தது வீல் பேரிங், சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் பாகம். ஐம்பதைத் தாண்டினால் தூரத்தில் மாவு மில் ஓடுவது போல ஓர் இரைச்சல். டயர்தான் என்றார்கள் எல்லாரும். டயர் இரைச்சல் ரோடு மாறினால் மாறும். புதுத் தார் வந்ததும் அடங்கும். இது அடங்கவில்லை. கிளட்சை மிதித்து இன்ஜினைத் தணித்தாலும் அப்படியே இருந்தது, அதனால் இன்ஜினும் இல்லை. உச்சிப்புளிப் பக்கம் காலி ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் வளைத்தபோது இரைச்சல் கூடியது, வலது பக்கம் வளைத்தால் குறைந்தது. இடது பக்கம் வளைத்தால் எடை வலது சக்கரத்தில் விழும். ஆக வலது பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கி, மெக்கானிக் ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். என் கையையும் வைக்கச் சொன்னார். ஸ்பிரிங் வழியாகக் கரகரப்பு விரலில் ஏறியது. இடது சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றுமே தெரியவில்லை.

தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனை ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டிக் டிக்’ என்றால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போயிருக்கும். சத்தம் வரும் முன்பே சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பூட் செலவோடு தப்பலாம்.

அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவு என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, காவிரித் தண்ணீர் குடிக்க வந்தால் போதாதா! ராமநாதபுரம் டவுனுக்குப் போகும்போது வாட்டர் சர்வீஸில் விடுவதோடு சரி.

கடைசியாக வந்த சத்தம் ஒன்று. ஐடிலில் நிற்கும்போது அடியில் தகரம் அதிரும், ரேஸ் கொடுத்தால் சத்தம் நின்றுவிடும். சைலன்சர் குழாய் மேல் சூட்டைத் தடுக்க இருக்கும் தகடான ஹீட் ஷீல்டின் போல்ட்டைத் துரு தின்றுவிட்டது. பெரிய ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கியாகிவிட்டது, சத்தம் இல்லை. குழாயும் அதே நிலையில்தான் இருக்கிறது; அடுத்த கச்சானுக்குள் அதையும் மாற்ற வேண்டிவரும்.