வருடத்துக்கு நாலு தரம் வரும் கடித உறை: சுவிஸ் வாக்குப் பொதிக்கு என் நட்சத்திரம்

சோற்றுக்கடைக்கும் கைபேசிக்கும் நட்சத்திரம் போடுகிறோம், சட்டங்களைப் பற்றிச் சனத்திடமே வாக்குக் கேட்க வரிக்காசில் வீட்டு வாசலுக்கே வருகிற இந்த உறைக்கு ஒருவரும் எழுதுவதில்லை. நான் 2017இல் சுவிஸ் குடியுரிமை எடுத்தவன். அதற்குப் பிறகு முப்பது பொதியாவது வந்திருக்கும், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிரித்துப் படித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

உள்ளே வாக்குச்சீட்டுகள், அதைப் போட ஒரு சின்ன உறை, வாக்காளர் அட்டை, அப்புறம் ஒரு சிவப்புப் புத்தகம். வாக்கு நாளுக்கு மூன்றிலிருந்து நான்கு கிழமைக்கு முன் கையில் கிடைக்கவேண்டும் என்பது சட்டம், எனக்கு ஒருதரம்கூடப் பிந்தியதில்லை. வாக்குச்சாவடிக்குப் போகிற ஆட்கள் இப்போது குறைவு, பெரும்பாலானோர் தபாலில்தான் போடுகிறார்கள். நானும் சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணீரோடு இருந்துதான் நாட்டின் சட்டத்தை ஏற்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிறேன். முதல் தடவை கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் போடுகிற நட்சத்திரங்களில் பாதி சிவப்புப் புத்தகத்துக்குத்தான். முதலில் சுருக்கம், பிறகு விரிவு, எதிர்க்கிறவர்கள் அல்லது கையெழுத்துச் சேர்த்துக் கோரிக்கை வைத்தவர்கள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதிய பக்கம், அரசின் பக்கம், கடைசியில் சட்டத்தின் வரிகள் அப்படியே. 2018 நவம்பரில் வந்ததை மறக்கமாட்டேன்: கொம்பை வெட்டாமல் மாடு வளர்க்கிற விவசாயிக்கு அரசு உதவிப்பணம் கொடுக்கலாமா? ஆர்மின் கபாவ்ல் என்ற மலைநாட்டு விவசாயி தொடங்கிவைத்து, லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்து, முழு நாடும் மாட்டுக்கொம்பைப் பற்றிப் பேசியது. ஊரிலுள்ள சித்தப்பாவிடம் சொன்னேன், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். 54.7 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதைவிட அவர் நம்பாத கதை 2012இல் நடந்தது: எல்லோருக்கும் ஆறு கிழமை விடுமுறை வேண்டுமா என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பங்கு சனம் வேண்டாம் என்றது!

குறை இல்லாமலா? அந்தப் புத்தகத்தை எழுதுவது அரசு, அரசும் ஒரு தரப்புத்தானே. 2016இல் திருமணமானவர்கள் கூடுதல் வரி கட்டுவதை நிறுத்தக் கேட்ட கோரிக்கைக்கான வாக்கெடுப்பில், பாதிக்கப்படுகிற இரட்டைச் சம்பளத் தம்பதிகள் 80,000 என்று போட்டிருந்தார்கள். உண்மையில் நாலரை லட்சம். கோரிக்கை மயிரிழையில் தோற்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே செல்லாது என்று சொல்லிவிட்டது. நாடு தழுவிய வாக்கெடுப்பு ஒன்றுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து எண்களை நான் இரண்டு தரம் பார்க்கிறேன். மொழியும் தலையிடி தரும், சில வசனங்களுக்கு மூச்சுப்பிடிக்க வேண்டும். இளையோருக்காக வருகிற ஈசிவோட் கைநூலை வாங்கிப் பாருங்கள், வயது ஐம்பது என்றாலும் வெட்கப்படாமல்.

இன்னொரு கோளாறு என்னுடையது. வாக்காளர் அட்டையில் கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன். தபால்பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் மாநிலத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் வாக்கு செல்லாது, அலுவலகத்துக்குப் போன் அடித்துக் கேட்டேன், ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். ஒரு வாக்குத்தானே என்று விடலாம். ஆனால் 2014 பெப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் கோரிக்கை 20,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்ற நாடு இது.

சாதாரண சனத்துக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால்: பாராளுமன்றம் போட்ட சட்டத்தைப் பிடிக்கவில்லையா, 100 நாளில் 50,000 கையெழுத்துச் சேர்த்தால் எல்லோரிடமும் கேட்டே ஆகவேண்டும். அரசியலமைப்பையே மாற்ற 18 மாதத்தில் ஒரு லட்சம். அந்த வாக்கில் சனத்தின் பெரும்பான்மையோடு மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். இப்படிப்பட்ட கோரிக்கைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் தேறுகிறது. கடை வாசலில் பேனாவோடு நிற்கிறவர்களிடம் முன்பு யோசிக்காமல் கையெழுத்துப் போடுவேன். காசுக்குச் சேர்க்கிறவர்கள் கள்ளக் கையெழுத்துப் போட்டதாக 2024இல் செய்தி வந்தபிறகு தாளை வாசித்துவிட்டுத்தான்.

நான் ஒரு நட்சத்திரம் முழுதாகக் குறைப்பது அம்மாவுக்காக. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறா, துப்புரவு வேலை செய்து வரி கட்டினவ, ஆனால் மொழிப் பரீட்சைக்குப் பயந்து குடியுரிமைக்குப் போகவில்லை. 2024 மார்ச்சில் ஓய்வூதியத்தில் பதின்மூன்றாவது மாதக் காசு கொடுப்பதா என்று கேட்டார்கள். அந்த ஓய்வூதியத்தை எடுக்கிற அம்மாவுக்கு உறை வரவில்லை, எனக்கு வந்தது. "என்னவாம் கேக்கிறாங்கள்?" என்றா. தமிழில் சொன்னேன். "காசு எங்கையிருந்து வரும் எண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டாவே பாருங்கள், அது கோரிக்கையில் இல்லைத்தான், தேறினபிறகு பாராளுமன்றம் அதைப் பற்றித்தான் இழுபறிப்பட்டது. 58.2 வீதத்தோடு தேறியது.

நாட்டில் நாலில் ஒருவருக்கு மேல் அம்மா மாதிரித்தான், வாக்கில்லாத வெளிநாட்டவர். பெண்களுக்கே 1971 வரை தேசிய வாக்குரிமை இல்லை, அதைத் தீர்மானித்ததும் ஆண்களின் வாக்குத்தான். இரண்டாம் தலைமுறைக்குக் குடியுரிமையை இலகுவாக்கலாமா என்று 2004இல் கேட்டபோது நாடு மறுத்தது. அந்த இரண்டாம் தலைமுறை நான், பள்ளிக்கூடத்தில் மறுநாள் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மூன்றாம் தலைமுறைக்கு 2017இல் சம்மதித்தார்கள், சரி, என் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. 2009இல் மசூதி மினார் கட்டத் தடை வந்ததும் இதே மாதிரி உறையில்தான்.

ஐந்துக்கு மூன்றரை.

புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு: கையெழுத்தை முதலில் போடுங்கள், பிறகு படியுங்கள். ஞாயிறு வாக்கு என்றால் செவ்வாய்க்குள் தபாலில் சேருங்கள். முத்திரை ஒட்டவேண்டுமா என்று உறையைப் பாருங்கள், ஊருக்கு ஊர் வித்தியாசம். பிந்திவிட்டால் ஊர் அலுவலக வாசல் பெட்டியில் போடலாம், எப்போது கடைசியாகத் திறப்பார்கள் என்பது அட்டையில் இருக்கும்.