கல்லூரி ரக்பி ரசிகர் தளம்: பல பருவங்கள் ஓட்டிய பின் டர்பனிலிருந்து ஒரு பயன்பாட்டுக் குறிப்பு

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்குத் தனியாக ஒரு ரசிகர் தளம் தொடங்குகிறவர்கள் முதலில் தீம் தேடுகிறார்கள், அணி நிறத்தில் பேனர் செய்கிறார்கள். பருவங்கள் பல கடந்தபின் மிஞ்சுவது ஆட்ட முடிவுப் பட்டியல் மட்டும்தான். போன திங்கட்கிழமை ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையை அடுத்த திங்கட்கிழமை யாரும் தேடுவதில்லை. ஆனால் இந்த இரண்டு அணிகளும் கடைசியாக எப்போது மோதின, என்ன ஸ்கோர் என்று கேட்டு வருகிறவர்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். அதனால் தளத்தைப் பட்டியலிலிருந்து கட்ட வேண்டும். மற்றவை அதன்மேல் வரட்டும்.

மென்பொருளுக்கு வேர்ட்பிரஸ் போதும். உள்ளூர் ஷேர்டு ஹோஸ்டிங் மாதம் 100 ராண்டை ஒட்டிக் கிடைக்கிறது. டொமைனுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய அதே தொகை. லீக் பிளகின்கள் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) முதல் பருவத்தில் சொகுசாக இருக்கும், அட்டவணையைத் தானாகவே போட்டுத் தரும். சிக்கல் பிறகு தெரியும். இவற்றில் பல, ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தனித்தனிப் பதிவாக வைத்து, ஸ்கோரைத் தரவுத்தளத்தின் மெட்டா அட்டவணைக்குள் சுருட்டிப் போட்டுவிடுகின்றன. பிளகினை நிறுத்தினால் பக்கங்கள் மறைந்துவிடும். தரவு உள்ளே கிடந்தாலும் வெளியே எடுக்கப் பாடுபட வேண்டும். முடிவுகளைத் தனி ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) எடுத்துத் தளத்தில் ஏற்றுவதே நீண்ட ஓட்டத்துக்குத் தாங்குகிறது. பார்க்க அழகில்லைதான். ஆனால் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் கூடவே வரும்.

அந்தத் தாளில் மொத்த ஸ்கோரை மட்டும் எழுதினால் பயனில்லை. பல்கலைக்கழக அணிகளின் ரக்பித் தொடரான வார்சிட்டி கப் 2008இல் தொடங்கியது முதல் புள்ளி விதிகளை மாற்றிப் பார்ப்பதே அதற்கு வழக்கம். வழக்கமான ரக்பியில் டிரைக்கு (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) 5 புள்ளி, அதையடுத்த உதையான கன்வர்ஷனுக்கு 2, பெனால்ட்டி உதைக்கு 3. சில பருவங்களில் கன்வர்ஷனுக்கு 3, பெனால்ட்டிக்கு 2 என்று வைத்தார்கள். பிறகு, சொந்தப் பாதியிலிருந்து கிளம்பிய டிரைக்கு 7 புள்ளி என்றார்கள். 2014 இறுதியாட்டத்தில் கேப்டவுன் பல்கலைக்கழக அணியான ஐக்கீஸ் 39–33 என்று நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தின் புக்கேயை அவர்கள் ஊரான பொச்செஃப்ஸ்ட்ரூமிலேயே வென்றது. 39ஐ மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பெனால்ட்டி என்று சொல்ல முடியுமா? ஆறு டிரை, மூன்று கன்வர்ஷன் என்றால், கன்வர்ஷனுக்கு 3 புள்ளி என்ற கணக்கில் சரியாக 39 வரும். வழக்கமான ரக்பிக் கணக்கில் அதே ஆறு டிரை, மூன்று கன்வர்ஷனோடு ஒரு பெனால்ட்டியும் சேர்ந்தால்தான் 39. ஆகவே டிரை, கன்வர்ஷன், பெனால்ட்டி, டிராப் கோல் என்று தனித்தனி நெடுவரிசை வேண்டும். பருவத்துக்குப் பருவம் புள்ளி மதிப்புகள் எழுதிய இன்னொரு சிறு தாளும் வேண்டும். மொத்தத்தை அந்த இரண்டிலிருந்தும் கணக்கிட்டு, மைதானத்தில் அறிவித்த ஸ்கோரோடு ஒப்பிட வேண்டும். ஒத்து வராத வரியில் எங்கோ ஒரு பதிவு தவறு.

அணிப் பெயர்

அடுத்த குழி அணிப் பெயர். நம் நாட்டில் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே இருந்த காலம் ஒன்று உண்டு. எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் (தொழில்நுட்பக் கல்லூரி) நட்டால் டெக்னிக்கானும் 2002இல் சேர்ந்தன. அதுவே 2006 முதல் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரியில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமாயின. போர்ட் எலிசபெத் பல்கலைக்கழகம் 2005இல் ஒரு பெயர், 2017இல் இன்னொரு பெயர். பெயரையே அடையாளமாக வைத்தால் ஒரே அணி மூன்று அணிகளாகச் சிதறும், அல்லது எதிரெதிரே ஆடிய இரண்டு அணிகள் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு அணிக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயர், எந்த ஆண்டு முதல், எந்த ஆண்டு வரை என்று தனித்தாள் வையுங்கள். இணைப்புக்கு முந்தைய அணிகளுக்குத் தனி எண்தான். வெஸ்ட்வில் ஆட்டங்களை குவாசூலு-நட்டாலின் இன்றைய அணியான இம்பியின் கணக்கில் சேர்க்கலாமா என்பது ரசிகர்கள் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். தாள் அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆட்டக்காரர்களுக்கும் இதேதான். டர்பன் பக்கத்து அணித் தாளில் கோவெண்டர் என்ற குடும்பப்பெயரில் இரண்டு பேர், அதிலும் இரண்டு பேருக்கும் ஒரே முதலெழுத்து என்பது அதிசயமே இல்லை. சட்டை எண்ணும் உதவாது: 1 முதல் 15 வரை ஆடும் இடத்தைச் சொல்கிறது, 16 முதல் 23 வரை மாற்று ஆட்டக்காரர்கள். போன வாரம் 12 போட்டவர் இந்த வாரம் 22 போடுவார்.

திங்கட்கிழமை இரவு

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பருவம். பெரும்பாலும் திங்கட்கிழமை ஆட்டம். வாரம் முழுதும் தூங்கும் சர்வர் அன்று சில மணி நேரம் மூச்சு முட்டும். நேரடி ஸ்கோர்ப் பக்கத்தை 800 பேர் அரை நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் நிமிடத்துக்கு 1,600 கோரிக்கை, நொடிக்கு 27. ஒவ்வொன்றுக்கும் பிஎச்பி (பக்கத்தைத் தயாரிக்கும் சர்வர் நிரல்) அரை நொடி எடுத்தால் எந்நேரமும் பதின்மூன்று, பதினான்கு இயக்கங்கள் திறந்தே இருக்கும். மலிவான ஹோஸ்டிங்கில் அனுமதியே இருபதை ஒட்டித்தான். டிரை விழுந்த மறுகணம் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். சர்வர் எல்லை மீறியது என்று சொல்லும் 508 பிழை வரும்.

மருந்து எளிது. ஸ்கோர் பதிக்கும் படிவம் ஒரு சிறிய ஜேசன் (JSON) தரவுக் கோப்பை எழுதட்டும். வாசகரின் உலாவி அதை மட்டும் 30 நொடிக்கு ஒரு முறை எடுக்கட்டும். பிஎச்பி அசைய வேண்டியதே இல்லை. கோப்பு 15 கேபி என்றால் 80 நிமிட ஆட்டத்துக்கு 160 தடவை, மொத்தம் 2.4 எம்பி. அதுவே 3 எம்பி பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறை முழுதாக ஏற்றினால் 240 எம்பி. ப்ரீபெய்ட் டேட்டாவில் பார்க்கிற மாணவர் இடைவேளைக்குள் கழன்றுகொள்வார். தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களின் நகலைக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டிருந்தால் கவனிக்க: இயல்பு அமைப்பில் அது ஜேசனையோ எச்டிஎம்எல்லையோ கேஷ் செய்யாது, அதாவது நகல் வைத்துக்கொள்ளாது. கேஷ் விதி எழுத வேண்டும். அந்த விதியில், மூல சர்வர் சொல்லும் நேரத்தைப் பின்பற்று என்று தேர்ந்தெடுத்து, சர்வரில் 20 நொடி என்று குறிக்க வேண்டும். இலவசத் திட்டத்தில் அங்கேயே நேரத்தை நிர்ணயிக்கப் போனால் சில நொடி என்று வைக்க வழியில்லை; பழைய ஸ்கோர் மணிக்கணக்கில் உறைந்து நிற்கும்.

வேர்ட்பிரஸில் நேர மண்டலத்தை ஜோகன்னஸ்பர்க் என்றே வையுங்கள். திட்டமிட்ட பதிவுகள் தாமதமாக வெளியாவதற்கு வேறு காரணம் உண்டு: வேர்ட்பிரஸின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கருவி), யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் விழிக்கும். அதை அணைத்துவிட்டு சர்வரின் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டால் தீர்ந்தது.

மைதானத்தில் கூட்டம் நிரம்பினால் டேட்டா அசையாது, ஆனால் எஸ்எம்எஸ் போய்விடும். ஆகவே மைதானத்தில் ஒருவர், வீட்டில் பதிக்க ஒருவர். செய்திக்கு ஒரு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடம், அணி, என்ன நடந்தது, சட்டை எண், மொத்த ஸ்கோர். மொத்தத்தையும் சேர்த்தே அனுப்பச் சொல்வது, இடையில் ஒரு செய்தி தொலைந்தால் உடனே தெரியட்டும் என்றுதான். வீட்டில் இருப்பவருக்கு ரூட்டருக்கான மினி யூபிஎஸ் ஒன்று தேவை. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் எனும் முறை வைத்த மின்வெட்டு பெருமளவு ஓய்ந்தாலும் 2025 தொடக்கத்தில் எட்டிப் பார்த்தது; அதில்லாமலும் கேபிள் திருட்டு இருக்கவே இருக்கிறது. வாங்கும்போது ரூட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

படம், சின்னம், சட்டம்

படங்களை 1,200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 120 கேபிக்குள் என்று வரையறுத்தால் போதும். பல்கலைக்கழகச் சின்னத்தைத் தலைப்பில் போடாதீர்கள், அணியின் புனைபெயரை டொமைனில் வைக்காதீர்கள். கோ.இசட்.ஏ (.co.za) என்று முடியும் பெயர்களுக்குத் தனித் தகராறு தீர்வு முறை இருக்கிறது. வணிகச் சின்னம் வைத்திருப்பவர் அங்கே போனால் ரசிகர் என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். நிறங்கள் போதும், ரசிகர்களுக்குப் புரியும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஆட்டக்காரரின் பெயர், ஆடும் இடம், படித்த பள்ளி வரை போகலாம். மாணவர் எண், தங்கும் விடுதி கூடவே கூடாது. பலர் யோசிக்காதது காயச் செய்தி: உடல்நலத் தகவலை அந்தச் சட்டம் சிறப்புத் தகவலாகத் தனியே பிரித்து வைக்கிறது. முழங்கால் ஸ்கேன் முடிவை நண்பர் சொன்னார் என்று எழுதுவதும், அணி நிர்வாகம் அறிவித்ததை எழுதுவதும் ஒன்றல்ல. முதலாம் ஆண்டு மாணவரில் 18 வயது நிரம்பாதவர் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய ஆட்டங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென இருந்த வெஸ்ட்வில், எம்.எல். சுல்தான் ஆட்டங்களை அன்றைய வெள்ளையர் சங்கங்களின் ஆண்டு மலர்களில் தேடிப் பயனில்லை. 1973இல் உருவான சாக்காஸ் (தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம்), நிறவெறிச் சங்கங்களோடு ஒட்டும் உறவும் வேண்டாம் என்று நின்ற அமைப்பு. அந்தப் பக்கத்தில் நடந்த ஆட்டங்கள் அந்த மலர்களுக்குள் வர வழியே இல்லை. டர்பன் இந்தியர்களின் லீடர், போஸ்ட் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களும், வெஸ்ட்வில் வளாகத்துக் காந்தி-லுத்துலி ஆவண மையமும்தான் வழி. கரீஸ் ஃபவுண்டன் என்ற டர்பன் மைதானப் பெயர் தென்பட்டால் அந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். ஆட்ட முடிவு பெரும்பாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்கேன் செய்ய 300 டிபிஐ, சாம்பல் நிறம். பத்திரிகைப் பெயரும் தேதியும் பக்க எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆதாரம் என்ற நெடுவரிசை காலியாக இருக்கும் வரியைத் தளத்தில் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, தளம் யார் கையில் என்ற கேள்வி. இத்தகைய தளங்கள் சாவது பெரும்பாலும் ஹேக்கிங்கால் அல்ல, பட்டமளிப்பால். பல்கலைக்கழக மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்த மாணவர் படிப்பை முடித்துப் போவார். அந்த அஞ்சல் மூடப்படும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் பொதுவான ஒரு மின்னஞ்சலில் பதிந்து, கடவுச்சொல்லை இருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த இருவரில் ஒருவராவது மாணவராக இல்லாதிருப்பது நல்லது. ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப்பை நம்பி இருக்க வேண்டாம், கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். சிஎஸ்வி, தரவுத்தளம், ஸ்கேன்கள் மூன்றும் மாதம் ஒரு முறை வேறொரு இடத்தில் இறங்கட்டும். புதுப்பிக்கும் தேதியை ஜனவரியில் வருமாறு பார்த்துக்கொண்டால், பருவம் தொடங்கும் முன்பே பணம் கட்டிய கணக்கு கையில் இருக்கும்.