குரலுக்கு நூறு, வெட்டிய இடத்துக்கு முட்டை

இலவசமாகத் தருகிறவர்களைப் பெயர் சொல்லித் திட்ட மனசு வரவில்லை, அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். முழு வேதாகமத்தையும் தமிழில் வாசித்துக் காட்டும் ஆப், பழைய மொழிபெயர்ப்புதான். சமைத்துக்கொண்டே சின்னத் தீர்க்கதரிசிகளை, அதாவது பழைய ஏற்பாட்டின் கடைசிப் பன்னிரண்டு சிறு புத்தகங்களை, கேட்டு முடித்தேன், அதில் இஸ்ரவேலரிடம் பேசிய ஆமோஸை மட்டும் நாலு தடவை.

வாசிப்பவர் அருமை. மேடைப் பிரசங்கக் குரல் இல்லை, பஞ்சாயத்தில் குற்றப்பட்டியல் வாசிக்கிறவரின் நிதானம். முதல் இரண்டு அதிகாரத்துக்கு அதுதான் வேண்டும். தமஸ்கு இஸ்ரவேலின் கீலேயாத் பகுதியை இரும்புக் கருவிகளால் கதிரைப்போலப் போரடித்தது, காசாவும் தீருவும் சிறைபிடித்த ஜனத்தை மொத்தமாக ஏதோமிடம் ஒப்புக்கொடுத்தது, அம்மோன் எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது என்று ஒவ்வொரு நாடாக வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்". கேட்ட இஸ்ரவேலர் ‘நல்லா வேணும் அவனுங்களுக்கு’ என்று தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாக வருவது அவர்கள் பெயரே.

அந்த வலை இறுகும் நேரத்தில்தான் ஆப் சொதப்புகிறது. அம்மோனோடு முதல் அதிகாரம் முடிகிறதா, உடனே வயலின், வேறொரு குரலில் "இரண்டாம் அதிகாரம்", அப்புறம்தான் மோவாப். அதிகாரப் பிரிவே ஆமோஸுக்கு ஏறக்குறைய 2000 வருஷம் கழித்துப் போட்டதுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

அதுவும் மோவாபின் வழக்கு என்ன? ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. பாதிக்கப்பட்டவன் இஸ்ரவேலன் இல்லை, ஏதோமும் இதே பட்டியலில் நிற்கிற குற்றவாளி, ஆனாலும் அவனுக்கு நடந்த அநியாயம் கர்த்தரின் கணக்கில் இருக்கிறது. ஆப்பின் முன்னுரையோ ஜாதிகள், அதாவது அந்நிய நாட்டார், விக்கிரக ஆராதனைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த ஆறு நாடுகள் மேல் வைத்த குற்றச்சாட்டில் விக்கிரகம் எங்கே இருக்கிறது? யாரைக் கும்பிட்டாய் என்று ஒரு கேள்வி கூட இல்லை, செய்த கொடுமைதான் வழக்கு. கர்த்தரின் வேதத்தை வெறுத்தது என்ற பேச்சே ஏழாவதாக யூதாவிடம்தான் வருகிறது. எழுதியவர் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

விளம்பரத்தைச் சொல்லாமல் விட முடியாது. இஸ்ரவேலர் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றது, அடைமானமாக வாங்கிய துணிமேலேயே பலிபீடத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் முடிந்து, மூன்றாம் அதிகாரம் தொடங்குமுன் வந்தது பாருங்கள்: குறைந்த வட்டியில் நகைக்கடன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

எட்டாம் அதிகாரத்தை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். எப்பா என்ற எபிரெய தானிய அளவை மொழிபெயர்த்தவர்கள் நம்மூர் மரக்கால் ஆக்கியதால், ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கும் அந்தக் கள்ளத்தராசு வியாபாரி தெரிந்த முகமாகிவிடுகிறான். கோதுமையோடு பதரையும் விற்கிற இடத்தில் குரல் லேசாக நின்று போகிறது, அவ்வளவுதான், அதட்டல் எதுவும் இல்லை.

டவுன்லோடு செய்துகொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஐந்துக்கு மூன்றரை. பின்னணி இசையை நிறுத்த செட்டிங்ஸில் கடைசியில் ஒரு பட்டன் இருக்கிறது, அதிகார அறிவிப்பை நிறுத்தத்தான் வழியில்லை. அம்மோன் முடிகிற நேரம் பார்த்து ஈரக்கையோடு ஓடிப்போய் முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.