முழு ரேஸா, பாதி ரேஸா? சின்ன டிராக்டரில் எந்த வேலைக்கு எது

ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. நடுவில் வாழையும் ஜாதிக்காயும் நிற்பதால் பெரிய வண்டி உள்ளே திரும்பத் திணறும். அதனால்தான் 24 குதிரைத்திறனில் சின்ன டிராக்டர் வாங்கினோம். வண்டி மாறியதே தவிர, இன்ஜின் சுற்றை, அதாவது ரேஸை, ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் கை ஆக்சிலேட்டரைப் பிடிக்கிற பழக்கம் மாறவில்லை. இதில் ஊருக்குள் இரண்டு கட்சி. "சின்ன வண்டிங்க, எல்லாத்துக்கும் முழு ரேஸ் வெச்சாத்தான் இழுக்கும்" என்பது ஒன்று. "பாதி ரேஸ் போதும், டீசலும் மிச்சம், இன்ஜினும் தேயாது" என்பது இன்னொன்று. மூன்று வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்காமல் ரேஸ் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதுதான் என் முடிவு.

முழு ரேஸ் வைத்தால் முழு டீசலையும் குடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் டிராக்டரில் கை ஆக்சிலேட்டர் தீர்மானிப்பது டீசல் அளவை அல்ல, இன்ஜினின் சுற்றை. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் நில் என்று நாம் வைத்துவிடுகிறோம். லோடு ஏறினால் டீசலைக் கூட்டி, இறங்கினால் குறைத்து, அந்தச் சுற்றை விடாமல் பிடிப்பது கவர்னர் என்ற பாகத்தின் வேலை. கலப்பையைத் தூக்கிவிட்டு 2,400-ல் ஓடும் இன்ஜின், கலப்பை மண்ணில் இறங்கியபின் அதே 2,400-ல் குடிப்பதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் சுற்று ஏற ஏற இன்ஜினுக்குள்ளேயே உரசலில் வீணாகும் சக்தியும் ஏறும். ஆகவே லேசான வேலைக்கு முழு ரேஸ் நஷ்டம்தான். பாதி ரேஸ் கட்சியின் பேச்சில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

அவர்கள் சறுக்குவது பெரிய வண்டியின் கணக்கைச் சின்ன வண்டிக்குப் போடும்போது. 45, 50 குதிரைத்திறன் வண்டியை 1,500-ல் வைத்து ஐந்து கொத்துக் கலப்பை ஓட்டிப் பழகியவர் இதிலும் அதையே செய்கிறார். முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கினால் வருவதுதான் சக்தி. 2,600 சுற்றில் 24 குதிரைத்திறன் தரும் இன்ஜினை 1,300-ல் ஓட்டினால், முறுக்குவிசை கொஞ்சம் கூடினாலும், நம் கையில் இருப்பது 13, 14 குதிரைத்திறன்தான். 50-ல் பாதியைத் தொலைத்தாலும் 25 மிஞ்சும். 24-ல் பாதி போனால் மிச்சம் என்ன? அதோடு சின்ன வண்டிகள் 2,300 முதல் 3,000 சுற்று வரை ஓடும்படி செய்யப்பட்டவை. பெரிய வண்டிகள் பலவற்றுக்கு உச்சமே 2,000, 2,200 சுற்று வாக்கில்தான். அவர்களுடைய 1,500 வேறு, நம்முடைய 1,500 வேறு.

மண்ணைக் கத்தியால் கொத்திப் பொடியாக்கும் ரொட்டவேட்டரில்தான் இந்த வித்தியாசம் மண்ணிலேயே தெரியும். போன புரட்டாசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடைவரிசையை எடுத்துக்கொண்டேன். முதல் வரிசையில் கியரைக் குறைத்து இன்ஜினை 2,500-ல் வைத்தேன். என் வண்டியில் பிடிஓ, அதாவது பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று வருவது அங்கேதான். அடுத்த வரிசையில் 1,700 வைத்து, வேகம் குறையாமல் இருக்கக் கியரை ஒன்று ஏற்றினேன். இரண்டுமே மணிக்கு 2 கிலோமீட்டர் வாக்கில் போயின. ஓட்டி முடித்து இறங்கி இரண்டிலும் ஒவ்வொரு கை மண்ணை அள்ளினேன். முதல் வரிசை மண் உதிர்ந்து விரல் வழியே இறங்கியது. அடுத்ததில் கையில் வந்தது தேங்காய் மூடி அளவுக் கட்டி. உடைத்துப் பார்த்தால் உள்ளே கோரைக் கிழங்கு வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

காரணம் எளிது. ரொட்டவேட்டரின் ஒரு தட்டில் பொதுவாக ஆறு கத்தி, மூன்று இடம், மூன்று வலம். இன்ஜின் 2,500-ல் ஓடும்போது கத்தித் தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் ஒரு பக்கத்தில் 600 வெட்டு விழும். மணிக்கு 2 கிலோமீட்டரில் வண்டி நிமிடத்துக்கு 33 மீட்டர் நகர்கிறது. ஆக ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே ஐந்தரை சென்டிமீட்டர். இன்ஜின் 1,700-க்கு இறங்கினால் கத்தித் தண்டு 136 சுற்றுக்கு இறங்கிவிடும், இடைவெளி 8 சென்டிமீட்டரைத் தாண்டும். கட்டி வராமல் என்ன செய்யும்? "அதே கியரில் ரேஸை மட்டும் குறைத்தால்?" என்று கேட்கலாம். அப்போது சக்கரமும் தண்டும் சேர்ந்தே மெதுவாவதால் வெட்டின் இடைவெளி மாறாது. ஆனால் கத்தி அடிக்கும் வேகம் போய்விடும், வேர் சிக்கினால் இன்ஜின் அமுங்கும், ஏக்கருக்கு ஆகும் நேரமும் கூடும். முதல் ஓட்டுக்கு 540 குறிக்குக் கீழே வைக்கவே கூடாது என்பது என் கட்சி. கட்டியை உடைக்க இரண்டாவது முறை ஓட்டினால் மிச்சம் பிடித்த டீசல் அதிலேயே போய்விடும்.

இரண்டாம் ஓட்டு வேறு கதை. மண் ஏற்கெனவே இளகிக் கிடக்கும். செம்மண்ணை மாவாக்கிவிட்டால் ஒரு மழைக்கு மேலே ஓடு கட்டி, விதை முளைக்கத் திணறும். அங்கே கியரை ஒன்று ஏற்றி 1,900, 2,000-ல் ஓட்டுவதுதான் மண்ணுக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது.

தென்னை மட்டையைத் தூளாக்கும் மிஷினுக்கு இந்த யோசனையே வேண்டாம். 540 குறி, அவ்வளவுதான். குறைந்த ரேஸில் பிடிஓவைப் போட்டு, மெதுவாக ரேஸை ஏற்றி, மிஷின் முழு வேகம் பிடித்து சத்தம் ஒரே சீராக வந்தபிறகுதான் முதல் மட்டையைக் கொடுக்க வேண்டும். உள்ளே சுற்றும் கனமான சக்கரம் வேகமாக இருந்தால்தான் மட்டையின் அடிப்பகுதியை ஒரே அடியில் உடைக்கும். ரேஸ் குறைவாக இருந்தால் நார் சுற்றி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பிடிஓவை எடுத்து, இன்ஜினையும் நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஆள் நிற்கிறார்கள், நேரம் போகிறது என்று இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கலப்பை வேலைக்கு வந்தால் முழு ரேஸ் கட்சியோடு எனக்கு ஒத்துவராது. கோபி பக்கம் மச்சான் தோட்டத்தில் மாசியில் மஞ்சள் வெட்டி முடிந்ததும் ஐந்து கொத்துக் கலப்பை ஓட்டினோம். மஞ்சள் எடுத்த மண் இளகலாக இருந்தது. நான் வழக்கம்போல 2,400-ல் போய்க்கொண்டிருந்தேன். மச்சான் வரப்பில் நின்று கேட்டுவிட்டு, "மாப்ளை, கியரை ஒண்ணு ஏத்திட்டு ரேஸை எறக்குங்க" என்றார். 1,800-க்கு இறக்கினேன். வேகம் அதே வேகம், ஆழமும் அதேதான். காதுக்கு மட்டும் பெரிய நிம்மதி. கலப்பைக்குச் சுற்றுக் கணக்கு கிடையாது, இழுவை மட்டும்தான் தேவை. முறுக்குவிசை உச்சத்தில் இருப்பதும் பெரும்பாலும் முழு ரேஸில் அல்ல, அதைவிடக் கீழேதான்.

அப்புறம் தோட்டத்தின் மேற்குக் கோடியில் வண்டித்தடமாக இறுகிப்போன மண் வந்தது. சத்தம் கனத்தது, புகை கறுத்தது. "இப்ப ரேஸைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க, சத்தம் ஏறுதுங்களா?" என்றார். கூட்டினேன், ஏறவில்லை. "அப்ப வண்டி முக்குது. கியரைக் குறைங்க" என்றார். எந்த வண்டியிலும் இதை யாரும் செய்து பார்க்கலாம். ரேஸைக் கூட்டும்போது சுற்று ஏறினால் இன்ஜினிடம் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஏறாமல் புகை மட்டும் கூடினால், கவர்னர் தர முடிந்த டீசல் முழுவதையும் ஏற்கெனவே தந்துவிட்டது. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ஒவ்வொரு வெடிப்பிலும் முழுச் சூடு. ஆனால் விசிறியும் தண்ணீர் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். சித்திரை வெயிலில் ரேடியேட்டரில் தூசும் படிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். முழு ரேஸை விட இன்ஜினைச் சீக்கிரம் தேய்ப்பது இப்படி முக்கி முக்கி ஓட்டுவதுதான்.

மருந்தடிக்கும் வேலை இரண்டுக்கும் நடுவில். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பிஸ்டன் பம்ப்பில் வரும் தண்ணீர் அளவு சுற்றைப் பொறுத்தது. அழுத்தத்தை ரெகுலேட்டரில் வைத்துக்கொள்ளலாம். பம்ப் எடுக்கும் சக்தியும் அதிகமில்லை. ஒரு ஸ்ப்ரே கன் மட்டும் பிடித்தால், மிஞ்சியது பைபாஸ் குழாயில் டேங்குக்கே திரும்பிக் கொட்டும் அளவுக்குத் தண்ணீரைத் தள்ளுவதில் பயனில்லை. ரேஸைக் குறைத்து, அழுத்தம் விழாத இடத்தில் நிறுத்திவிடுவேன். சில சின்ன வண்டிகளில் பிடிஓவுக்கு 540-க்கு மேல் 750 போல இரண்டாவது கியரும் இருக்கும். அதைப் போட்டால் முழு ரேஸில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழேயே 540 வந்துவிடும். ஸ்ப்ரேயருக்கு நல்ல வசதி. ஆனால் அந்தக் கியரில் இருப்பதை மறந்து ரொட்டவேட்டரை மாட்டி முழு ரேஸ் வைத்துவிட்டால் கியர்பாக்ஸ் போய்விடும், ஜாக்கிரதை.

ஜெனரேட்டர் மாட்டி போர் மோட்டார் ஓட்டுபவர்கள் காதை நம்ப வேண்டாம். மீட்டரில் 50 ஹெர்ட்ஸ் காட்டும் இடம்தான் அதற்கு ரேஸ்.

டிரெய்லருக்கு கை ஆக்சிலேட்டரே கூடாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன். ஒருநாள் மட்டை மிஷினைக் கழற்றிவிட்டு, தேங்காய் ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். மிஷினுக்கு வைத்த ரேஸில் பாதியைத்தான் இறக்கியிருந்தேன் என்பது நினைவில் இல்லை. வாய்க்கால் பாலத்து வளைவில் கால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி வேகம் குறையவில்லை. பதறிப்போய் கிளட்சை மிதித்ததும் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. பிரேக்கை அழுத்தி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். எதிரில் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து ரோட்டில் ஏறுமுன் கை ஆக்சிலேட்டர் அடியில் இருக்கிறதா, இரண்டு பிரேக் பெடலும் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் நகர்வதில்லை. இறக்கத்தில் கவர்னரால் டீசலை நிறுத்தத்தான் முடியும், சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றுவதைத் தடுக்க முடியாது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது.

நிறுத்தி வைக்கும் ரேஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டீ குடிக்கும் நேரம், லோடு ஏற்றும் நேரம் என்று அரை மணி நேரம் ஐடிலில் விட்டுவிடுகிறோம். இன்ஜினில் வேண்டிய சூடு நிற்காததால் டீசல் சரியாக எரியாது. இன்ஜெக்டர் முனையில் கரி படியும், ஆயிலில் டீசல் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் நிறுத்திவிடுவது மேல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் 1,000, 1,200-ல் விட்டு, பிறகு லோடு கொடுத்தால் போதும்.

எங்கள் டிரைவர் தம்பிக்கு இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, கை ஆக்சிலேட்டர் நகரும் இடத்தில் பெயின்டால் மூன்று கோடு போட்டேன். சிவப்பு 540 குறி. மஞ்சள் 1,800, கலப்பைக்கும் இரண்டாம் ஓட்டுக்கும் தொடங்கும் இடம். அடியில் வெள்ளை, ரோட்டுக்கு. சிவப்புக் கோட்டில் கைபட்டுக் கைபட்டு இப்போது பாதி அழிந்துவிட்டது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது திரும்பப் போட வேண்டும்.