தாடை சொடுக்கினால்: ஒத்தடமா, பல்கவசமா?

போன தை மாதம் பாம்பனில் பனங்கிழங்கு நாரோடு மல்லுக்கட்டியதில் என் காதோரம் 'டிக்' என்று சொடுக்கத் தொடங்கியது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் குமிழ் முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும், பிறகு முன்னே வழுக்கும். இடையில் மெத்தை போல ஒரு நார்த்தட்டு. அது முன்னால் நழுவிக் கிடந்து, வாய் திறக்கும்போது படக்கென்று குமிழ்மேல் ஏறுவதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம்.

அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார். சூடு தாங்குகிறதா என்று புறங்கையில் பார்த்துவிட்டு 10 நிமிடம் ஒற்றினால் தசை இளகும். கூடவே கணவாய், கருவாடு, கிழங்குக்கு விடுமுறை. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்க வேண்டும். உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது. இதுதான் கஷ்டம், போன் பார்க்கும்போது நம்மை அறியாமலே கடித்துக்கொண்டிருப்போம்.

பல்கவசம் பல் மருத்துவர் அச்செடுத்து அக்ரிலிக்கில் செய்து தருவது. தூக்கத்தில் நறநறப்பவருக்குப் பல் தேயாமல் காக்கும். நழுவிய தட்டை நிரந்தரமாக உட்கார வைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். இரவும் பகலும் மாதக்கணக்கில் மாட்டினால் கடியே மாறிவிடலாம்.

வலியில்லாத வெறும் சொடுக்குக்கு இரண்டுமே வேண்டாம். வலித்தால் என் ஓட்டு முதலில் ஒத்தடத்துக்கு. விடியும்போதே தாடை இறுகியிருந்தால் கவசம். சத்தம் திடீரென நின்று, வாயில் மூன்று விரல் நுழையாமல் போனால் சந்தோஷப்படாதீர்கள், தட்டு சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.